மணிக்கோபுரத்துக்குப் பெயிண்ட் மட்டும் போதுமா?

பழைய தேவாலயத்தை ஆய்வு செய்யப் போனால் நான் முதலில் கேட்பது, "மணி இருக்கிற அறைக்குக் கடைசியாக யார் ஏறினார்கள்?" என்பதுதான். "கீழே நின்றே கயிற்றை இழுத்து அடிக்கிறோம் சார், மேலே என்ன வேலை?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

வேலை இருக்கிறது. மணி அறையின் திறப்புகளில் சாய்வாக அடித்த மரப்பலகைகளில் இரண்டு உடைந்தால் போதும், சாரலோடு புறாவும் உள்ளே வந்துவிடும். எச்சமும் கூட்டுக் குச்சிகளும் சேர்ந்து தளத்தின் தண்ணீர் வெளியேறும் துளையை அடைக்கும். ஐப்பசி மழையில் அங்கே தேங்குகிற தண்ணீர் சுவருக்குள் இறங்கும். உத்திரத்தின் நுனி சுவருக்குள் இருப்பதால், அது உளுத்துப்போவது வெளியே தெரியாது. (சுத்தம் செய்யும்போது காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்காதீர்கள். முகக்கவசம் போட்டு, நனைத்துவிட்டு அள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.)

அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கவே கூடாது, வேரோடு செங்கல்லும் கையில் வரும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி வைத்து, வேர் செத்த பிறகு அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கேடு, நல்லெண்ணத்தில் செய்கிற சிமெண்ட் பூச்சு. 1821இல் கட்டி முடித்த எழும்பூர் புனித ஆண்ட்ரூ ஆலயம், பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம், 192 அடி உயர மெஞ்ஞானபுரம் கோபுரம் எல்லாமே நம் ஊரில் சிமெண்ட் புழக்கத்துக்கு வருமுன் எழுந்தவை. சுண்ணாம்புக் காரைச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால், வெடிப்பு வழியாக உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. உள்ளே காரை மாவாகிக்கொண்டிருக்கும், வெளியே பூச்சு பளபளவென்று இருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், 'டொக் டொக்' என்று பொள்ளலாகச் சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது என்று அர்த்தம். கொத்தனார் "சிமெண்ட்தான் சார் ஸ்ட்ராங்" என்பார். பழைய சுவரைப் பொறுத்தவரை அந்த ஸ்ட்ராங்தான் வினை. பிளாஸ்டிக் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

விரிசல் விஷயத்தில் வெனிஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. புனித மாற்கு ஆலய மணிக்கோபுரத்தில் விரிசல் கண்டு, அது நகர்கிறதா என்று பார்க்கக் கண்ணாடித் துண்டுகளைப் பொருத்தினார்கள். கண்ணாடி உடைந்தது, 1902 ஜூலை 14 அன்று கோபுரம் அப்படியே சரிந்தது. சுற்றி நின்றவர்களை முன்பே அப்புறப்படுத்தியதால் மனித உயிர் போகவில்லை. 1989இல் அதே இத்தாலியில் பாவியா நகரக் கோபுரம் விழுந்தபோது நால்வர் இறந்தார்கள். பல நூற்றாண்டுச் சுமையில் சுவர் உள்ளுக்குள் மெல்ல நொறுங்கி வந்திருந்தது.

கண்ணாடி வைத்துப் பார்க்கிற முறையை நானும் பயன்படுத்துகிறேன். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை ஒட்டி, தேதி எழுதிவிட வேண்டும். அது உடைந்தால் மணி அடிப்பதை நிறுத்திவிட்டு, கீழே ஆள் நடமாடாமல் தடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். விரிசலைப் பட்டி போட்டு மறைப்பது, தகவலை அழிப்பது மாதிரி.

மணி ஆடும்போது பக்கவாட்டில் தள்ளுகிறது. தாங்கியின் போல்ட் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் மணி தொங்கும் சட்டம் சுவரை இடிக்கும். சுவருக்குள் பதித்த இரும்பு துருப்பிடித்தால் உப்பிக் கல்லைப் பிளக்கும். இவை இரண்டையும் மேலே ஏறினால்தான் பார்க்க முடியும்.

இடிதாங்கிக்கு வருவோம். சிலுவை உச்சியில் கம்பி இருப்பதாலேயே பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறோம். கம்பியிலிருந்து தரைக்கு இறங்கும் செம்புப்பட்டை நடுவில் திருடு போயிருக்கும், அல்லது இணைப்பு விட்டிருக்கும். கிறிஸ்துமஸ் சீரியல் செட் வயரை அதிலேயே சுற்றிக் கட்டியும் வைத்திருப்பார்கள். எர்த் மின்தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். மழைக்கு முன்பே எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துவிடுங்கள்.

செலவுதான் தயக்கம் என்றால் ஒரு யோசனை. உயரமான கோபுரத்தில் சாரம் கட்டுவதற்குத்தான் பெரும் பணம் போகும். பண்டிகைக்குப் பெயிண்ட் அடிக்க எப்படியும் சாரம் கட்டுவீர்கள். பெயிண்டர் ஏறுவதற்கு முன்னால், பழைய கட்டடம் பார்த்துப் பழகிய பொறியாளர் ஒருவரை அதே சாரத்தில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயிண்ட் டப்பாவை அவர் இறங்கிய பிறகு வாங்கலாம்.