மானிட்டரா, கிராபிக்ஸ் கார்டா? மலை இறங்குவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியது

கோயம்புத்தூர் போய் மானிட்டர் வாங்கிவந்து, ஆசையாகப் பெட்டியைப் பிரித்து மாட்டிப் பார்த்துவிட்டு, மறுநாளே அதே பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. கீழே இறங்கிப் போய் வாங்குவது ஒரு நாள் வேலை, திருப்பிக் கொடுக்கப் போனால் இன்னொரு நாள், மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்துவிட்டால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், காசை வெளியே எடுப்பதற்கு முன்னால் வீட்டிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து சோதித்துவிடுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

போன மாதம் கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி வந்தார், இன்ஜினியரிங் கடைசி வருஷம். நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, வீட்டில் பதினெட்டரை இன்ச் பழைய மானிட்டர். "அண்ணா, ஆஃபர்ல 27 இன்ச் 4கே வருது, எடுத்துடலாமா? இல்ல அந்தக் காசுக்குக் கார்டை மாத்திடவா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைத்தான் வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள், ஏதோ இரண்டும் தனித்தனிச் சாமான் மாதிரி. அப்படி இல்லை. மானிட்டர் எத்தனை புள்ளி காட்டுகிறதோ அத்தனை புள்ளியையும் கார்டுதான் ஒவ்வொரு பிரேமுக்கும் வரைந்து கொடுக்க வேண்டும். அதிகப் புள்ளி உள்ள, அதாவது பெரிய ரெசொல்யூஷன் மானிட்டர் வாங்குவது என்றால், கார்டின் தலையில் தினமும் கூடுதல் சுமையை ஏற்றுவது என்று அர்த்தம்.

கணக்கைப் பாருங்கள். அவருடைய பழைய மானிட்டர் 1366க்கு 768, அதாவது சுமார் பத்தரை லட்சம் புள்ளி. ஃபுல் எச்டி என்கிற 1920க்கு 1080 கிட்டத்தட்ட 20.7 லட்சம். 1440பி என்று விற்கிற 2560க்கு 1440 சுமார் 36.9 லட்சம். 4கே, அதாவது 3840க்கு 2160, 82.9 லட்சம். ஃபுல் எச்டியிலிருந்து 4கே-க்குப் போனால் சரியாக நான்கு மடங்கு. தம்பி தன் வீட்டிலிருந்து நேராக 4கே-க்குப் போனால் கிட்டத்தட்ட எட்டு மடங்கு வேலையை அதே பழைய கார்டு செய்தாக வேண்டும்.

சரி, வாயால் சொன்னால் மனசு ஏற்காது, செய்து காட்டினேன். என் பெஞ்சில் இருக்கிற 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரில் அவருடைய சிபியு பெட்டியை மாட்டி, அவர் ஆடுகிற ஜிடிஏ 5-ஐ ஓட்டி, விண்டோஸ் கீயோடு ஜி அழுத்தினால் வருகிற கேம் பாரில் எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை படம் வரைகிறது என்கிற எண்ணை ஓரத்தில் வைத்தோம். விசிங்க்கை அணைத்துவிட்டேன், அதை அணைக்காவிட்டால் மானிட்டரின் வேகத்தோடு எண் நின்றுவிடும், சோதனைக்கே அர்த்தமில்லாமல் போகும். முதலில் ரெசொல்யூஷனை அவர் வீட்டு மானிட்டர் அளவுக்கு, 1366க்கு 768 வைத்தோம். 72 வந்தது. ஃபுல் எச்டி வைத்தோம். 61. புள்ளி இரட்டிப்பாகியும் எண் இவ்வளவுதான் குறைந்தது என்றால், சின்ன மானிட்டரில் கார்டுக்கு முழு வேலையே இல்லை, பிராசஸர்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். டாஸ்க் மேனேஜரிலும் அதுதான் தெரிந்தது, 768-இல் ஜிபியு, அதாவது கார்டின் சிப், அறுபது சதவீதத்தைச் சுற்றித்தான் ஓடியது.

அப்புறம் முக்கியமான சோதனை. மானிட்டர் வாங்காமலே அதன் சுமையை அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. என்விடியா கன்ட்ரோல் பேனலில் டிஎஸ்ஆர் என்று ஒரு வசதி உண்டு, ஏஎம்டி கார்டில் அதற்கு விர்ச்சுவல் சூப்பர் ரெசொல்யூஷன் என்று பெயர். கையில் இருப்பது ஃபுல் எச்டி மானிட்டர்தான் என்றாலும், உள்ளே கார்டைப் பெரிய அளவில் வரைய வைத்துப் பிறகு சுருக்கிக் காட்டும். 1.78 மடங்கு என்று டிக் செய்தால் 1440பி-யின் சுமை, 4 மடங்கு என்று டிக் செய்தால் 4கே-யின் சுமை. படம் 4கே மாதிரி தெரியாது, ஆனால் கார்டு படுகிற பாடு அதே பாடு. தம்பியின் கார்டில் 1440பி-க்கு 38 வந்தது. 4கே வைத்ததும் 17. கார் வளைவில் திரும்பும்போது படம் வெட்டி வெட்டி நகர்ந்தது. அவர் மவுஸை விட்டுவிட்டுத் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப 4கே வாங்கிட்டு கேமை மட்டும் ஃபுல் எச்டில வெச்சுக்கலாம்ல?" என்று கேட்டார். நல்ல கேள்வி. செய்யலாம், ஆனால் எல்சிடி திரை அதன் சொந்த அளவில் ஓடும்போதுதான் கூர்மையாக இருக்கும். 1440பி திரையில் ஃபுல் எச்டி வைத்தால் ஒரு புள்ளி ஒன்றேகால் புள்ளிக்கு மேல் பரவ வேண்டியிருப்பதால் எழுத்தெல்லாம் மசமசவென்று ஆகிவிடும். 4கே-யில் கணக்கு சரியாக இரண்டுக்கு இரண்டாக வந்தாலும் பெரும்பாலான மானிட்டர்கள் அதையும் பூசி மெழுகித்தான் காட்டுகின்றன. என்விடியாவின் புதிய வரிசையான ஆர்டிஎக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. டிஎல்எஸ்எஸ் என்கிற வசதியில் கார்டு குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கிக் கொடுக்கும். 4கே திரையில் அதன் குவாலிட்டி நிலை உள்ளே வரைவது 1440பி-தான். அதனால் புதிய கார்டு உள்ளவர் பெரிய மானிட்டருக்குப் போவதில் முன்பு இருந்த பயம் இப்போது வேண்டாம். தம்பியின் ஜிடிஎக்ஸுக்கு அந்த வசதி கிடையாது.

இதெல்லாம் கேம் கதை. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேமே ஆடுவதில்லை, அவர்களிடம்தான் தப்பான யோசனை அதிகம் போய்ச் சேர்கிறது. அதில் என் பங்கும் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் கல்யாண போட்டோ எடுக்கிற ஒரு அண்ணன், எடிட்டிங் செய்யும்போது கண் வலிக்கிறது, திரையில் பார்த்த நிறம் ஆல்பத்தில் வருவதில்லை என்று வந்தார். போட்டோ வேலை என்றதும் கார்டுதான் என்று நினைத்து ஒன்றை வாங்கி மாட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்தார், ஒன்றும் மாறவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மலிவான டிஎன் பேனல் மானிட்டர், நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலே மணப்பெண்ணின் முகம் வெளுத்துப்போனது, நிமிர்ந்தால் கறுத்தது. எந்த முகத்தைப் பார்த்து அவர் நிறம் திருத்துவார்? முதலிலேயே வீட்டுக்குப் போய் மானிட்டரைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்காதது என் தப்பு. அந்தக் கார்டை நானே திரும்ப எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் மானிட்டர் வாங்கிக் கொடுத்தேன்.

அவர் கேமராவின் ஒரு படம் 6000க்கு 4000, இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளி. முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்கும்போது 768 மானிட்டரில் அதில் நூற்றில் நாலரைப் பங்குகூடக் கண்ணில் படாது. 4கே-யில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் தெரியும். கண் இமை கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க எத்தனை தடவை இழுத்து இழுத்து நகர்த்துகிறார் என்று கணக்குப் போட்டால் கண்வலிக்குக் காரணம் புரிந்துவிடும். போட்டோ, டிடிபி, எக்செல், கோடிங், ஆன்லைன் வகுப்பு, இவற்றுக்கெல்லாம் மானிட்டர்தான் முதலில். இந்த இடத்தில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது. வீடியோ எடிட்டிங் மட்டும் இரண்டும் கெட்டான், அங்கே கார்டும் கை கொடுக்கும்.

அதற்காக 27 இன்ச்சில் ஃபுல் எச்டி வாங்கிவிடாதீர்கள். பெரிய திரை, பழைய புள்ளி. இன்ச்சுக்கு சுமார் 82 புள்ளிதான் வரும், பக்கத்தில் உட்கார்ந்தால் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். 24 இன்ச்சுக்கு ஃபுல் எச்டி, 27-க்கு 1440பி, இதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. 27-இல் 4கே எடுத்தால் எழுத்து ரொம்பப் பொடியாகிவிடும், விண்டோஸில் 150 சதவீதம் பெரிதாக்கி வைத்துத்தான் படிக்க முடியும்.

அருவங்காட்டில் வீட்டிலிருந்தே மெடிக்கல் பில்லிங் வேலை பார்க்கிற ஒரு அக்காவின் கதையை அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இங்கே நிறைய வீடுகளில் நடக்கிறது. ஆபீஸ்களிலிருந்து கழித்து வருகிற பழைய டெஸ்க்டாப், ஆறாம் தலைமுறை பிராசஸர், புதிதாக 4கே மானிட்டர். படம் வருகிறது, ஆனால் மவுஸ் தண்ணீருக்குள் நகர்கிற மாதிரி இழுக்கிறது. வேறொரு கடையில் கேட்டதற்கு கார்டு போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நான் டிஸ்பிளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்து பார்த்தேன், 30 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 30 தடவை என்று இருந்தது. பெட்டியின் பின்னால் டிஸ்பிளேபோர்ட் துளைதான் இருக்கிறது, அதில் ஒரு சின்ன கன்வெர்ட்டரைச் செருகி எச்டிஎம்ஐ வயர் போட்டிருக்கிறார்கள். அந்த மாதிரி மலிவு கன்வெர்ட்டர் பழைய எச்டிஎம்ஐ 1.4 அளவில் நிற்பது, 4கே-யை விநாடிக்கு 30 தடவைக்கு மேல் அனுப்பாது. கன்வெர்ட்டரைப் பிடுங்கிவிட்டு இரண்டு பக்கமும் டிஸ்பிளேபோர்ட் உள்ள வயர் ஒன்றைப் போட்டேன், 60 வந்துவிட்டது. ஒரு வயரோடு முடிந்தது. உங்கள் வீட்டிலும் இந்தப் பக்கத்தை இன்றைக்கே திறந்து பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி இரண்டு வருஷமாக 60-லேயே ஓட்டிக்கொண்டிருந்தவரும், கார்டு இருந்தும் வயரை மதர்போர்டு துளையில் செருகி வைத்திருந்தவரும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

கார்டு பக்கம் சாய்கிறவர்கள் முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு, மூடி வைத்த அறையில் இருக்கிற சிபியு-வைத் திறந்தால் பூஞ்சை வாடையே அடிக்கும். கார்டின் விசிறிக்கு அடியில் தூசியும் ஈரமும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும், விரலால் சுருட்டியே எடுக்கலாம். கார்டின் தங்க நிறப் பல்வரிசை மங்கியிருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டுங்கள். செத்துப்போன கார்டு என்று கொண்டுவந்ததில் சில இதற்கே உயிர் பெற்றிருக்கின்றன. ஊட்டிக் குளிரில் கார்டு சூடாகாது என்று நினைப்பதும் பாதிதான் சரி. 2,200 மீட்டருக்கு மேலே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, விசிறி தள்ளுகிற காற்றால் எடுத்துச் செல்லக்கூடிய சூடும் குறைவு. அறையின் குளிர் அதை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். தூசி அடைத்தால் இங்கேயும் கொதிக்கும்.

அப்புறம் கரண்ட். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-க்கு 75 வாட் போதும், மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட், பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் 550 வாட் வைக்கச் சொல்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115. கேபினெட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் இவற்றை மாட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் இருக்கிற 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் தாங்குவது 360 வாட்தான். கார்டு, பிராசஸர், பெரிய மானிட்டர் எல்லாம் சேர்ந்து முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால், பீப் என்று ஒரு சத்தத்தோடு எல்லாம் அணைந்துவிடும். சித்திரை, வைகாசியில் மத்தியானம் இடி முழங்கும்போது இங்கே இது எத்தனை தடவை நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கார்டுக்கு ஒதுக்குகிற காசிலேயே எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் இரண்டுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே அதைவிடப் பல வருஷம் பழைய சிப்பை வைத்து, பெயரை மட்டும் மாற்றி எழுதி விற்கிறார்கள். போன வருஷம் ஊட்டியிலிருந்து ஒருவர் அப்படி ஒன்றை ஆன்லைனில் வாங்கி ஏமாந்து வந்தார். அந்த ரகக் கார்டில் நீல நிற விஜிஏ துளை இருந்தாலே சந்தேகப்படுங்கள், ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் பெரும்பாலும் போலி என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். காசு கொடுப்பதற்கு முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கோத்தகிரித் தம்பிக்கு நான் சொன்னது 24 இன்ச் ஃபுல் எச்டி ஐபிஎஸ். அவர் கார்டால் தாங்க முடிந்த உச்சம் அதுதான் என்று 61 என்ற எண்ணே சொல்லிவிட்டது, கண்ணுக்கும் இரட்டிப்புப் புள்ளி கிடைக்கிறது. கார்டை மட்டும் இப்போது மாற்றினால் அந்தப் பழைய ஐ5 அதை ஓடவிடாது. வேலைக்குப் போன பிறகு போர்டு, பிராசஸர், எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிக்கொள்ளட்டும், மானிட்டர் அப்போதும் கூடவே வரும். நேற்று சாயங்காலம் போன் செய்தார். மானிட்டர் வந்துவிட்டதாம், மாட்டியும் விட்டாராம், பெட்டிக்குள் இரண்டு வயர் இருக்கிறதாம், எதைப் போடுவது என்று கேட்டார். கார்டில் இருக்கிற டிஸ்பிளேபோர்ட்டில் போடச் சொன்னேன், போட்டுவிட்டு ஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்து எனக்குச் சொல்லச் சொன்னேன். 75 என்று படித்துக் காட்டினார்.