பகுதிறன்

தருமபுரியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, ஹை-ரெசல்யூஷன் ஆடியோ டிஸ்க்கைத் தமிழ்ல உயர் தெளிவுத்திறன் ஒலித்தட்டுன்னு எழுதுறாங்களே, அப்ப என்கிட்ட இருக்கிற சிடி எல்லாம் தெளிவில்லாததா?" ஏதோ ஒரு வீடியோவில் அப்படிச் சொன்னார்களாம். அதை நம்பி, கடன் வாங்கியாவது பிளேயரை மாற்றிவிடலாம் என்று இருந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரெசல்யூஷன் என்ற சொல்லின் வேர் லத்தீன். கட்டை அவிழ்ப்பது, சேர்ந்து கிடப்பதைப் பிரிப்பது என்று பொருள். அருகருகே தெரியும் இரண்டு விண்மீன்களைத் தொலைநோக்கி பிரித்துக் காட்டும் ஆற்றலைப் பகுதிறன் என்று இயற்பியலில் சொல்கிறோம். பகு, பகுதி, பகுப்பு, பகுபதம் எல்லாம் நம் வீட்டுச் சொற்கள். சரி, அதை விட்டுவிட்டுத் தெளிவை ஏன் இழுத்து வந்தார்கள்?

தெளிவு என்றால் கலங்கல் இல்லாதது. மண் அடியில் தங்கிய பிறகு மேலே நிற்கும் தண்ணீர் மாதிரி. நுணுக்கமாகப் பிரிப்பதற்கும் அதற்கும் உறவில்லை. கல்லும் மண்ணும் கலந்த ராகியை எவ்வளவு சன்னமாக அரைத்தாலும் களி நறநறவென்றுதான் இருக்கும்.

ஒலித்தட்டிலும் இதே கதைதான். 1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஒன்று. டிவிடி ஆடியோவில் 24 பிட் வரை போகலாம். படிகள் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். 1999-இல் வந்த எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) ஒரே பிட்டை வைத்துக்கொண்டு நொடிக்கு 28 லட்சம் முறைக்கு மேல் அளக்கிறது. இவை எல்லாமே பகுப்பின் கணக்கு. தெளிவு என்பது மைக், பதிவு, மாஸ்டரிங் (பதிவை வெளியிடும் முன் கடைசியாகச் சீர்செய்வது), ஸ்பீக்கர், மண்டபத்தின் எதிரொலி ஆகியவற்றின் கையில் இருக்கிறது.

காதுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்பதே இன்னும் தீராத வழக்கு. 2007-இல் மேயர், மோரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், உயர்தரத் தட்டின் ஒலியை நேராகவும் சிடி அளவுக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் 276 முறைதான் சரியான விடை வந்தது. காசைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவு வரும். 2016-இல் ஜோஷுவா ரீஸ் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சிறிய வேறுபாடு ஒன்று தெரிகிறது என்றார். சரியான விடை 52.3 சதவீதம். ஆய்வாளர்களே முடிவுக்கு வராத ஒன்றுக்கு, பெயரிலேயே தெளிவு என்று நாம் தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

படத்துக்குத் தெளிவுத்திறன் என்பது நிலைத்துவிட்ட சொல்தானே என்பார்கள். அங்கேயும் தவறுதான். கை ஆடினால் 50 மெகாபிக்சல் படமும் மங்கல்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிற பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் பெருகிவிட்டது. பெயர் வைக்கிற கருவி எப்படி வேலை செய்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. துல்லிய ஒலி என்று எழுதுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பொய் சொல்கிறார்கள்.

உயர் பகுதிறன் ஒலித்தட்டு என்பதே சரி. தம்பியிடம் இதைச் சொல்லி, அப்புறம் பிளேயரை விடுங்கள், ஸ்பீக்கரைப் பாருங்கள் என்றேன். "பேரு நீளமா இருக்குண்ணே, ஹை-ரெஸ்னே சொல்லிக்கிறேன்" என்றார். தெளிவுத்திறனுக்கு அது எவ்வளவோ தேவலாம்.