தீபாவளி முடிந்தும் தீராத பலகார டப்பா

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே எங்கள் நீரிழிவுப் பிரிவில் அந்தக் கேள்வி ஆரம்பித்துவிடும்: "ஒரே ஒரு அதிரசம் சாப்பிடலாமா மேடம்?" உணவியல் ஆலோசகராக நான் எப்போதும் சொல்லும் பதில், தாராளமாகச் சாப்பிடுங்கள் என்பதுதான். சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருப்பவருக்கு, பண்டிகையன்று சாப்பிடும் ஒரு அதிரசத்தால் பெரிய கெடுதல் வந்துவிடாது. எனக்குக் கவலையெல்லாம் தீபாவளி முடிந்தபின் வீட்டில் தங்கிவிடும் டப்பாக்களைப் பற்றித்தான்.

வீட்டில் சுட்ட முறுக்கும் பிடித்த லட்டும் ஒரு தூக்கு நிறைய இருக்கும். அதோடு பக்கத்து வீட்டுத் தட்டு, சம்பந்தி வீட்டிலிருந்து வந்த பாக்ஸ், ஆபீசில் கொடுத்த அரைக் கிலோ ஸ்வீட் என்று சேர்ந்துகொண்டே போகும். பண்டிகையன்று யாருக்கும் அவ்வளவு பசி இருக்காது. மறுநாளிலிருந்துதான் ஆரம்பம். காலைக் காபியோடு ஒரு முறுக்கு, மத்தியானம் கை கழுவிவிட்டு வரும்போது அரை மைசூர்பாகு, டிவி பார்க்கும்போது ஒரு பிடி மிக்சர். "மூணு வேளையும் நீங்க சொன்ன அளவுதான் சாப்பிடறேன்" என்று வந்து சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நடுவில் வாயில் போட்டது சாப்பாடு என்ற கணக்கிலேயே அவர்கள் மனதில் ஏறுவதில்லை. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் அதுவும் சேர்ந்துதான் வரும்.

இதில் காரம்தான் அதிகம் ஏமாற்றுகிறது. "ஸ்வீட் தொடவே இல்லை, வெறும் காரம்தான்" என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் நிறைய. முறுக்கு அரிசி மாவு. ஓமப்பொடியும் காராபூந்தியும் கடலை மாவு. எல்லாமே எண்ணெயில் பொரித்தவை. நூறு கிராம் மிக்சரில் ஏறக்குறைய 500 கலோரி இருக்கிறது. ஜாங்கிரியில்கூட அவ்வளவு வராது. உப்பும் அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ஸ்வீட்டைவிட மிக்சருக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

வெல்லமும் கருப்பட்டியும் போட்டால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கையும் வேரூன்றிப் போயிருக்கிறது. வெல்லத்தில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, சரி. ஆனால் அதில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ். தீபாவளி லேகியத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் இருந்தாலும் அதைக் கட்டுவது வெல்லமும் நெய்யும்தான். நெல்லிக்காய் அளவு உருண்டை போதும். ஜீரணத்துக்கு நல்லது என்று ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிட வேண்டாம். 'சுகர் ஃப்ரீ' என்று எழுதியிருக்கும் ஸ்வீட்டிலும் மைதா, கோவா, நெய் எல்லாம் உண்டு. மால்டிடால் என்ற மாற்று இனிப்பு சேர்த்தது என்றால் கூடுதலாகச் சாப்பிடும்போது வயிற்றுப்போக்கும் வரும்.

இனி தீபாவளிக் காலைக்கு வருவோம். நான் அதிகம் பயப்படுவது அந்தச் சில மணி நேரத்துக்குத்தான். விடியுமுன் எழுந்து எண்ணெய்க் குளியல், லேகியம், வெறும் வயிற்றில் ஸ்வீட். அப்புறம் பட்டாசு, வருவோர் போவோர் என்று டிபன் ஒன்பது மணிக்குத் தள்ளிப்போகும். இன்சுலின் போடும் பெரியவர் ஒருவர் வழக்கமான நேரத்துக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு, பூஜை முடியட்டும் என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்து, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. வீட்டில் இருந்தவர்கள் பதறிப்போய்க் கையில் கிடைத்த மைசூர்பாகை ஊட்டியிருக்கிறார்கள். மைசூர்பாகில் நெய் அதிகம். கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகத்தான் கலக்கும். ரத்தச் சர்க்கரை இப்படி இறங்கிப்போகும் தாழ்சர்க்கரைக்கு அது உதவாது. பிறகு குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்ததும்தான் தெளிந்தார்.

அதனால் இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் டிபனைத் தள்ளிப்போடவே கூடாது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லையென்றால் இன்னொரு முறை குடிக்கலாம். வோக்லிபோஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். அலமாரியில் ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஸ்வீட் சாப்பிட்டதற்காக மாத்திரையை நீங்களாகவே ஒன்று கூட்டிப் போடுவதும் இதே ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும்.

ஸ்வீட்டைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். இட்லியைக் கறிக்குழம்போடோ, காய் நிறையப் போட்ட சாம்பாரோடோ சாப்பிட்டுவிட்டு ஒரு லட்டு சாப்பிட்டால், வெறும் வயிற்றில் சாப்பிடுகிற அளவுக்குச் சர்க்கரை விறுவிறுவென்று ஏறாது. ஒரு லட்டுக்கு இரண்டு இட்லியைக் குறைத்துவிடுங்கள். சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடங்கள். பலகாரத் தட்டு கொடுக்கத் தெருவில் நாலு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால், பிள்ளைகளை அனுப்பாமல் நீங்களே நடந்து போய்க் கொடுக்கலாம்.

டப்பாக்களுக்கு நான் சொல்லும் வழி, கண்ணில் படாமல் வைப்பதும் சீக்கிரம் கைமாற்றுவதும்தான். சாப்பாட்டு மேசையில் எதையும் வைக்காதீர்கள். ஆளுக்கு என்ன பிடிக்குமோ அதில் ஒரு சின்ன டப்பா எடுத்துவைத்துவிட்டு, மீதியைத் தீபாவளிக்கு மறுநாளே கொடுத்துவிடுங்கள், அதுவும் நல்ல பதத்தில் இருக்கும்போதே. பத்து நாள் கழித்துச் சிக்கு வாடை அடிக்கும் முறுக்கை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கட்டிக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அடுத்த வருஷம் பாதி அளவுக்கு மாவு பிசைந்தாலே போதும். கடையில் வாங்குவதானால், சில்லறையாக விற்கும் இனிப்புத் தட்டுகளிலும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபரில் வந்தது. பால் ஸ்வீட் வாங்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான INDIAB என்ற நீரிழிவு ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. அந்த 13.6 கோடியில் பலருக்குத் தாங்கள் அந்த நிலையில் இருப்பதே தெரியாது. அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், வயது முப்பதைத் தாண்டியிருந்தால், நீங்களும் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். தீபாவளி முடிந்தால் கார்த்திகை தீபம், பொரி உருண்டை, அப்பம். அது முடிந்தால் பொங்கல். ரிப்போர்ட் மோசமாக வருமே என்று பயந்து, "தை பிறக்கட்டும், அப்புறம் போய்ப் பார்த்துக்கலாம்" என்று பலர் அப்பாயின்மென்ட்டைத் தள்ளிப்போடுகிறார்கள். வழக்கமான தேதிக்கே வாருங்கள். சர்க்கரை ஏறியிருந்தால் யாரும் திட்டப் போவதில்லை. சாப்பிட்டதை உள்ளபடி சொன்னால் நான் உணவைத் திருத்தலாம். மருந்தை மாற்ற வேண்டுமா என்று டாக்டர் அப்போதே முடிவு செய்யலாம். கால் மரத்துப் போவது, பார்வை மங்குவது, அடிக்கடி தாகம் எடுப்பது என்று ஏதாவது இருந்தால் அந்தத் தேதி வரைக்கும்கூடக் காத்திருக்காதீர்கள்.