பெயர் தெரிந்துவிட்டது, சரி… சாப்பிடலாமா?

செடிகளை அடையாளம் கண்டு சொல்வது என் தொழில். படம் அனுப்பிப் பெயர் கேட்பவர்கள், பதில் போனதுமே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவார்கள்: "பழத்தைச் சாப்பிடலாமா?" இங்கேதான் எனக்குத் தயக்கம். அதற்கு முக்கியக் காரணம் ரோடோமிர்ட்டஸ் என்ற பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள செடியினங்களின் தொகுப்பு.

கொய்யாவும் நாவலும் சேர்ந்த மிர்ட்டேசியே குடும்பம்தான் இதற்கும். இதில் நமக்குத் தெரிந்தது தவிட்டுக்கொய்யா. நீலகிரியின் உயரங்களிலிருந்து தென்கிழக்கு ஆசியா, தென் சீனா வரை தானாக வளரும் புதர். ரோஜா நிறப் பூ, நடுவில் கொத்தாக மகரந்தத் தாள்கள். இலையைத் திருப்பினால் வெல்வெட்டு போல மென்மயிர். அடியிலிருந்தே நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும். கருநீலப் பழம் நன்றாக இனிக்கும், வாயில் போட்டால் பொடிப்பொடி விதைகள் நறநறக்கும். வியட்நாமில் இதில் ஒயின்கூடச் செய்கிறார்கள்.

இதே பேரினத்தில்தான் ரோடோமிர்ட்டஸ் மேக்ரோகார்ப்பாவும் வைக்கப்பட்டது. வடகிழக்கு ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வளர்வது. பழம் விரல் போல நீண்டு சிவந்திருப்பதால் அங்கே 'ஃபிங்கர் செர்ரி' என்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குயின்ஸ்லாந்தில் இதைத் தின்ற சிலருக்கு, சிறுவர்கள் உட்பட, பார்வை நிரந்தரமாகப் போனது. நச்சு பழத்திலேயே இருக்கிறதா, பழத்தில் பிடிக்கும் பூஞ்சையில் இருக்கிறதா என்ற வாதம் அப்போதே தொடங்கிவிட்டது. தின்றும் ஒன்றும் ஆகாதவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் கூடுதல் பயம்: "போன தடவை தின்றேனே, ஒன்றும் ஆகலையே" என்ற தைரியம் வந்துவிடும்.

அலைபேசிச் செயலிகள் பல சமயம் பேரினம் வரைதான் சரியாகச் சொல்கின்றன. அப்புறம் இணையத்தில் அந்தப் பேரினத்தைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது தவிட்டுக்கொய்யாவின் ஜாம் செய்முறையாக இருக்கலாம். அக்கா நல்லவள் என்பதற்காகத் தங்கைக்கும் சான்றிதழ் கொடுப்பது போன்றது அது. பறவை தின்கிறது என்பதும் சான்று அல்ல. அதன் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு.

எனக்குப் படம் அனுப்புவதானால் பழத்தை மட்டும் எடுக்காதீர்கள். இலையின் இரு பக்கமும், பூவும், செடி நிற்கும் இடமும் வேண்டும். நாக்கில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். யாராவது ஏற்கெனவே தின்றிருந்தால், கண் மங்கும் வரை காத்திருக்காமல், மீதிப் பழத்தையும் இலையோடு ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எனக்குப் படம் அப்புறம் அனுப்பலாம்.