ரெண்டு கம்பெனி லைன், ஒரே பாலம்

ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் வாய்க்கால்களில் தூர்வார பொக்லைன் இறங்கினால், நெட் போச்சு என்று என் போன் ஓயாது. இந்த முறை மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனை. "ரெண்டு கம்பெனி நெட் வாங்கியிருக்கோம் சார். ரெண்டும் ஒரே நிமிஷத்துல எப்படிப் போகும்?"

போய்ப் பார்த்தேன். பாலத்துக் கைப்பிடிச் சுவரோடு கட்டிய கருப்புக் குழாய் கரையில் இறங்குகிற இடத்தில் பிய்ந்து கிடந்தது. ஒரே குழாய், உள்ளே இரண்டு ஃபைபர். பொக்லைன் வாளிக்கு எது யாருடையது என்று தெரியுமா? தஞ்சாவூர் டாக்டருக்குப் போக வேண்டிய எக்ஸ்ரே படங்கள் சாயங்காலம் வரை இங்கேயே நின்றன.

தயவுசெய்து கேளுங்கள். இரண்டு பில் வந்தால் இரண்டு பாதை என்று அர்த்தமில்லை. நம் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் ஆறும் வாய்க்காலும். வயர் தாண்டுவதற்குப் பாலம்தான் சுலபமான வழி. அதனால் எல்லாரும் ஒரே பாலத்தில்தான் கட்டுகிறார்கள். இரண்டு கம்பெனியும் மூன்றாவது ஒருவரிடம் வாடகைக்கு எடுத்த ஒரே கேபிளில் ஓடுவதும் உண்டு. கொள்ளிடம் முக்கொம்பிலேயே காவிரியிலிருந்து பிரிந்து தனி ஆறாகப் போவதால்தான் வெள்ளத்தைச் சுமக்கிறது. காவிரிக்குள்ளேயே ஒரு வரப்பைப் போட்டு 'இதுதான் கொள்ளிடம்' என்றால் ஒத்துக்கொள்வீர்களா? லைன் வாங்கும்போது எத்தனை எம்பிபிஎஸ் வேகம் என்று கேட்பதோடு விடாதீர்கள். எந்தப் பாலம், எந்தப் போஸ்ட் வழியாக வருகிறது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் லைன்மேனோடு பைக்கில் போய்ப் பாருங்கள்.

"சிம் போட்டு வச்சிருக்கோம், கவலையில்ல" என்பார்கள். சரி, அந்த டவருக்கு எது வருகிறது? பெரும்பாலும் அதே ஃபைபர்தான். (டவரில் முரசு மாதிரி வட்டமாக ஒன்று இருந்தால் அது பக்கத்து டவரோடு காற்றிலேயே பேசுகிறது, அது இருந்தால் கொஞ்சம் தேவலை.) 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு இங்கே கரண்டே பல நாள் இல்லை. டவர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

அப்புறம் ரவுட்டர். பச்சை விளக்கு எரிந்தால் லைன் இருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்கும். அறுந்தது ஆறு கிலோமீட்டர் தள்ளி என்றால் விளக்கு அணையாது, அடுத்த லைனுக்கு மாறவும் மாறாது. வெளியே இரண்டு முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னச் சோதனைச் செய்தி) போய் வருகிறதா என்று பார்த்து மாறும்படி அமைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை வேலை நேரத்திலேயே முதல் லைனைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு அரிசி ஆலையில் அப்படிப் பிடுங்கியபோதுதான் சிம்முக்கு நாலு மாதமாக ரீசார்ஜே போடவில்லை என்று தெரிந்தது.

மருத்துவமனைக்கு இரண்டாவது லைனை வடக்கே இன்னொரு பாலம் வழியாகச் சுற்றி இழுக்கச் சொன்னேன். செலவைக் கேட்டுவிட்டு நிர்வாகி சொன்னார்: "எதுக்கு சார் சுத்தணும், பக்கத்துலயே பாலம் இருக்கே?"