வேலூர் மழையைத் திருப்பிவிடும் தூரத்து உயர் அழுத்தம்

ஐப்பசி பிறந்தால் போதும், குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். "சார், வங்கக்கடல்ல தாழ்வு உருவாகிடுச்சாம். மல்லாட்டையைப் (நிலக்கடலை) பிடுங்கலாமா, வேணாமா?" பயிர் ஆலோசனை சொல்வது என் தொழில் என்பதால் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் தாழ்வு உருவானது பாதிச் செய்திதான். உயர் அழுத்தம், அதாவது காற்றழுத்தம் கூடிய பகுதி, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் மீதி இருக்கிறது. டிவியில் அதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

சென்னைக்கு வெறும் கீழைக்காற்றே மழை கொடுத்துவிடும். வேலூர்க்காரர்களான நமக்கு அப்படியில்லை. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறோம். சாதாரணக் கீழைக்காற்று மேகம் காஞ்சிபுரம், அரக்கோணம் வருவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துபோகும். ஏரி கோடி போகிற அளவுக்கு மழை வேண்டுமென்றால் தாழ்வு மண்டலமே கரை ஏறி நம் பக்கம் நகர வேண்டும்.

அது தானாக நகர்வதில்லை. ஆற்றில் விழுந்த வாழைமட்டை மாதிரி, சுற்றிலும் ஓடும் காற்று இழுத்த இழுப்புக்குப் போகும். ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் வீசும் அந்தக் காற்றை உயர் அழுத்தங்கள்தான் திசை திருப்புகின்றன. நமக்கு வடக்கே உயர் அழுத்த மேடு கிழக்கு மேற்காக நீண்டு கிடந்தால், அதன் தெற்கு ஓரத்தில் கீழைக்காற்று வீசி, தாழ்வை மேற்கே தள்ளும். 2020 நவம்பர் 25 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நிவர் அப்படித்தான் நம் பக்கம் வந்து மழை கொட்டியது. வடமேற்கிலிருந்து இறங்கும் மேலைக்காற்று அந்த மேட்டை உடைத்துவிட்டால், புயல் வடக்கே திரும்பி ஆந்திரா, ஒடிசா பக்கம் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்துவிட்டு, கடலோரமாகவே ஏறி பாபட்லா அருகே கரையைக் கடந்தது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எனக்கு அதிகப் பயம் அதில்தான். எந்தப் பக்கத்து உயர் அழுத்தமும் வலுவாக இழுக்காவிட்டால் தாழ்வு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை ஏறிய ஃபெஞ்சல் பல மணி நேரம் நகரவே இல்லை. அப்புறம் மெதுவாக மேற்கே ஊர்ந்தபோது திருவண்ணாமலையில் மலைச்சரிவு. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. காற்று வேகத்தை மட்டும் பார்த்து "இது சின்னப் புயல்தான்" என்று சொல்வதை இனியாவது நிறுத்த வேண்டும்.

அடுத்தது எல் நினோ, அதாவது பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது. பசிபிக்கில் இருக்கும் தாஹிதித் தீவிலும் ஆஸ்திரேலியாவின் டார்வினிலும் உள்ள காற்றழுத்த வித்தியாசத்தை வைத்து அளக்கும் தென் அலைவோடு சேர்ந்த விஷயம் இது. இந்திய வானிலைத் துறைக்கு 1904 முதல் 1924 வரை தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர்தான் அந்த அலைவைக் கண்டு சொன்னவர். எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை அடிவாங்கும், வடகிழக்குப் பருவமழை கூடும் என்பது பொதுவான போக்கு. 2015 அதற்குச் சாட்சி. அதே கடல் பகுதி குளிர்ந்துபோகும் லா நினாவில் இதற்கு நேர்மாறு என்பார்கள். ஆனால் 2016, 2021 இரண்டுமே லா நினா ஆண்டுகள். முதலாவதில் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இரண்டாவதில் பாலாறும் கௌண்டன்யா ஆறும் கரைபுரண்டன. அந்த நவம்பரில் ஒரு தாழ்வு மண்டலம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறி நேராக நம் பக்கம் வந்ததே காரணம். அதனால் சம்பாவா, குறைந்த நீர்ப் பயிரா என்று ஆடியில் யோசிக்க எல் நினோ செய்தி உதவும். நாளைக்கு மல்லாட்டை பிடுங்கலாமா என்பதற்கு உதவாது.

அதற்கு நான் செய்வது இதுதான். விண்டி என்ற வானிலைச் செயலியில் 500 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) அடுக்கை, அதாவது முன்பு சொன்ன ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்துக் காற்றைத் திறந்து, நமக்கும் ஹைதராபாத்துக்கும் நடுவே காற்று எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்ப்பேன். கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வீசினால் தாழ்வு நம் பக்கம் வர வாய்ப்பு அதிகம். பிடுங்கிய செடியைக் களத்தில் பரப்பாதீர்கள். தென்மேற்கிலிருந்து வீசினால் ஆந்திராவுக்குத் திரும்பப் பார்க்கும். பிறகு வானிலை ஆய்வு மைய அறிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்வேன். இரண்டும் முரண்பட்டால் மையம் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். போனில் அழுத்தமானி வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒன்று: நம் ஊரில் தினமும் காலை பத்து மணிக்கு அழுத்தம் ஏறி, மாலை நாலு மணிக்கு மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கும். அது புயல் அறிகுறி இல்லை.

மார்கழியில் வடக்கே உயர் அழுத்தம் வலுத்து, வறண்ட காற்று கீழே இறங்கினால் மழை நின்றுவிடும். சைபீரியக் குளிர் இங்கே வந்துவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். இல்லை, அதை இமயமலை தடுத்துவிடுகிறது. மேகமில்லாத இரவில் நம் நிலமே வெப்பத்தை இழந்துதான் இப்படிக் குளிர்கிறது. மழை போனதே என்று வயலை விட்டுவிட வேண்டாம். இரவெல்லாம் இலையில் பனி தங்கினால் நெல்லுக்குக் குலை நோய் வர வசதி. நவரை நாற்றங்காலில் கண் வடிவப் புள்ளி தெரிந்தால் யூரியா போடுவதை நிறுத்திவிட்டு, இலையோடு வேளாண் அலுவலகத்துக்குப் போங்கள்.