தனியார் மருத்துவக் கல்லூரியா? கட்டடத்தைப் பார்க்காதீர்கள், வார்டைப் பாருங்கள்

நீட் முடிவு வந்துவிட்டால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் போன் செய்வார்கள். "டாக்டர், பொண்ணுக்கு மார்க் கொஞ்சம் கம்மி. கவர்ன்மென்ட் காலேஜ் கிடைக்காது போல. பிரைவேட்ல எது நல்ல காலேஜ்?" சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் கற்பிக்கிறேன். அதனால் சட்டென்று ஒரு பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் பெயர் சொல்வதில்லை. ஒரு வேலை நாள் காலை ஒன்பதரை மணிக்கு அந்தக் கல்லூரி ஆஸ்பத்திரியின் ஓ.பி.யில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்கிறேன்.

ஏனென்றால் மருத்துவப் படிப்புக்கு நோயாளிதான் பாடப்புத்தகம். ஏ.சி. வகுப்பறை, பெரிய ஆடிட்டோரியம், பளபளக்கும் லிஃப்ட் எல்லாம் இருக்கட்டும். வார்டில் ஆள் இல்லையென்றால் பிள்ளை எதைத் தொட்டுப் படிக்கும்?

ஓர் உதாரணம். மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க, நோயாளியின் வலது அடிவயிற்றில் கையை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடது விலா எலும்பை நோக்கி நகர வேண்டும். மூச்சு இழுக்கும்போது மண்ணீரலின் விளிம்பு கீழே இறங்கி விரல் நுனியில் வந்து முட்டும். வீடியோவில் இதை எத்தனை முறை பார்த்தாலும் விரலுக்கு அது தெரியாது. சாதாரண வயிறுகளை நிறையத் தொட்டுப் பழகிய கைக்குத்தான் வித்தியாசமான வயிறு பிடிபடும். நல்ல வார்டில் மூன்றாம் ஆண்டு மாணவி இதைத் தானாகக் கண்டுபிடித்து, "சார், ஏதோ தட்டுப்படுது" என்று ஓடி வருவாள். ஒரே நோயாளியைச் சுற்றி இருபது பேர் நிற்கும் வார்டில் பின் வரிசையில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு கடைசி வரை வராமலே போகலாம்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளின்படி, ஆண்டுக்கு 150 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் 605 படுக்கைகள் இருக்க வேண்டும். ஆண்டுச் சராசரியாக அதில் 80 சதவீதம் நிரம்பியும் இருக்க வேண்டும். சென்னையில் இது லேசான காரியமில்லை. ஏழை எளியவர்கள் உடம்புக்கு முடியவில்லையென்றால் சென்ட்ரல் எதிரில் உள்ள ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்று அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். நம் தனியார் கல்லூரிகளில் பெரும்பாலானவை போரூர், பூந்தமல்லி, குரோம்பேட்டை, கேளம்பாக்கம் என்று புறநகரில் இருக்கின்றன. நன்றாக நடத்துகிறவர்கள் பொது வார்டை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடத்துகிறார்கள், கிராமங்களில் முகாம் போட்டு பஸ் அனுப்புகிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறவர்களை மனம் கோணாமல் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கேதான் மாணவர்களுக்கு விதவிதமான கேஸ் கிடைக்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பணம் கட்டித் தனி அறையில் படுத்திருப்பவர் மாணவர்கள் பரிசோதிக்கச் சம்மதிப்பது அபூர்வம். "பெரிய டாக்டரே வரட்டும்" என்பார். அப்படிச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆகவே ஆஸ்பத்திரி கூட்டமாக இருக்கிறது என்பது மட்டும் போதாது; பொது வார்டு நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே கேன்டீனில் ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது படிப்பின் முடிவில் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்கள், டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். பிரசவம் எத்தனைக்குக் கூட இருந்தாய், தையல் நீயே போட்டாயா, ஸ்டைபண்ட் மாதா மாதம் சரியாக வருகிறதா என்று அவர்களிடம் கேளுங்கள். நான் பார்த்தவரை, வயதில் மூத்தவர் மரியாதையாகக் கேட்டால் அந்தப் பிள்ளைகள் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். எம்.பி.பி.எஸ். இடம் எதுவாக இருந்தாலும் நீட் தகுதியும் கலந்தாய்வும் இல்லாமல் கிடையாது. தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு இரண்டையும் நிரப்புவது கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவத் தேர்வுக் குழு. இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதும் சேர்ந்துவிட்டது என்று இருந்துவிடும் குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு (டீம்டு யுனிவர்சிட்டி) மாநிலக் குழுவில் இடம் கிடையாது. டெல்லியில் உள்ள எம்.சி.சி. என்ற மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் இணையதளத்தில்தான் பதிய வேண்டும். அதற்கு 5,000 ரூபாய் பதிவுக் கட்டணமும் 2 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் கட்ட வேண்டும். முதல் சுற்றில் கிடைத்த இடம் பிடிக்கவில்லையென்றால் நஷ்டமில்லாமல் விலகலாம். போகப் போகக் கிடுக்கிப்பிடிதான். கடைசிச் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் வைப்புத்தொகை போவதோடு அடுத்த ஆண்டு நீட் எழுதவும் தடை வரும். "சும்மா போட்டு வைப்போம்" என்று விருப்பப் பட்டியலில் எந்தக் கல்லூரியையும் சேர்க்காதீர்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தவறவிடவே கூடாது: 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் உண்டு, அந்தக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இது தெரியாமல் தனியார் கல்லூரி என்றாலே பயந்து ஒதுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் புரோக்கர்கள். ரிசல்ட் வந்ததும் எப்படியோ உங்கள் நம்பர் அவர்கள் கைக்குப் போய்விடும். "சேர்மன் கோட்டாவில் ஒரு சீட் இருக்கு, அட்வான்ஸ் போடுங்க" என்பார்கள். அப்படி ஒரு கோட்டாவே கிடையாது. கட்டாய நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இன்னொரு தந்திரமும் இருக்கிறது. "நாங்களே எல்லாம் ஃபில் பண்ணித் தர்றோம்" என்று பிள்ளையின் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் வாங்கி, தங்களுக்கு ஆதாயம் உள்ள கல்லூரியை மேலே வைத்து லாக் செய்துவிடுவார்கள். அதன் பிறகு மாற்ற முடியாது. பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் தூரத்துச் சொந்தத்தின் பெயரில் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் தயார் செய்கிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காகிதம் போலி என்று பின்னால் தெரிந்தால் இடம் பறிபோவது உங்கள் பிள்ளைக்குத்தான்.

பணக்கணக்கை முதலாண்டோடு நிறுத்தாதீர்கள். சுயநிதிக் கல்லூரிகளுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு கட்டணம் நிர்ணயிக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், "இதர கட்டணம்" எல்லாம் தனி. மொத்தம் எத்தனை தவணை, ஆண்டுதோறும் ஏறுமா, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். 1 கோடி ரூபாய் கடனை 10 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 1,07,000 ரூபாய் வரும். படிப்பை முடித்தவுடன் டியூட்டி டாக்டராகச் சேரும் பிள்ளையின் சம்பளம் அதைத் தொடாது. அதற்கு மேல் பி.ஜி. (மேற்படிப்பு) படிக்க வேண்டும் என்பார்கள். இருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைக்கும் முன் இந்தக் கணக்கைப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு வருடம் படித்து மறுபடி எழுதுகிறேன் என்று பிள்ளையே சொன்னால், அது மோசமான முடிவு இல்லை.

சேர்ந்த பிறகு முதல் ஆண்டுதான் கஷ்டம். உடற்கூறியல் ஹாலில் ஃபார்மலின் கண்ணை எரிக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து முதலிடம் வாங்கிய பிள்ளை முதல் இன்டர்னல் தேர்வில் ஃபெயில் ஆகும். இது சகஜம். ஆனால் முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு முயற்சிகள்தான் அனுமதி, முழுப் படிப்பையும் சேர்ந்ததிலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். வருகைப்பதிவு தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம் இருக்க வேண்டும். வடசென்னையிலிருந்து தினமும் கேளம்பாக்கம் போய் வருகிற பிள்ளை இதைப் பிடிப்பது சிரமம். ஹாஸ்டல் செலவைப் பார்க்காமல் முதல் ஆண்டாவது அங்கே தங்க வையுங்கள்.

"நல்லாப் படிக்கிறியா?" என்று மட்டும் போனில் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, யாரோடு ரூமில் இருக்கிறாய் என்றும் கேளுங்கள். பேச்சு குறைந்து, லீவுக்கு வந்தாலும் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தால், அடுத்த தேர்வு வரை காத்திருக்க வேண்டாம். வகுப்புக்கென்று உள்ள மென்டர் ஆசிரியரை நேரில் வந்து பாருங்கள். ராகிங் என்றால் 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது. மனம் சரியில்லையென்றால் டெலி மானஸ் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.